முந்நூறு வருட ஆயுள் யாருக்கு?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஹெந்தளை, வத்தளை பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



விஞ்ஞானக் கதைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேரப்பிள்ளைகளுடன் இருந்து பார்த்த 'இன் டைம்' என்ற 2011ஆம் ஆண்டுப் படத்திலிருந்து தொடங்குகிறோம். அதில் பணமே கிடையாது; கையில் ஓடும் நேரந்தான் காசு. பணக்காரர் நூற்றாண்டுகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். ஏழைத் தாய் ஒருத்தி, பஸ் கட்டணம் திடீரென்று கூடியதால் வீதியில் ஓடி ஓடிச் சாகிறாள். பிறகு மகன் வங்கிகளைக் கொள்ளையடித்து நேரத்தைப் பங்கிடுகிறான். பஸ் கட்டணம் என்றதும் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இது புதிய கற்பனையல்ல. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் 'மாக்ரோபுலோஸ்' நாடகம் 1922இல் மேடையேறியது. முந்நூறு வருடம் வாழவைக்கும் மருந்துக் குறிப்பு ஒன்று கிடைக்கிறது. எல்லோருக்கும் கொடுப்போம் என்கிறார் ஒருவர். தகுதியுள்ள சிலருக்கு மட்டும் என்கிறார் இன்னொருவர். கடைசியில் ஓர் இளம்பெண் அதை எரித்துவிடுகிறாள். எரித்தது சரியா என்று எங்களுக்குள் இன்னும் இணக்கமில்லை.

நம் நாட்டில் ஆயுள் கூடிய கதை வேறு. 1946இல் இலங்கையரின் சராசரி ஆயுள் 43 வயதளவில் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் ஐம்பதைத் தாண்டியது. டி.டி.டி. தெளித்து மலேரியாவை அடக்கியதும், காசில்லாத வைத்தியமும் அதற்குக் காரணங்கள். அப்போது பெண்களின் ஆயுள் ஆண்களினதைவிடக் குறைவு என்பதை இங்குள்ள பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பிள்ளைப்பேற்றிலே போனவர்கள் எத்தனை பேர்! இன்று நாம்தான் கூட வாழ்கிறோம். தோட்டப்புறத்துக் குழந்தைகளோ நெடுங்காலம் பின்தங்கியே நின்றார்கள்.

எங்கள் ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் கட்டிய தொழுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரைப் பிரித்து அடைத்து வைத்தது. 1980களில் கூட்டு மருந்து வந்தது, இலவசமாக வந்தது. அதற்காக யாரும் யாரையும் இடிக்கவேண்டியிருக்கவில்லை.

2022இல் நிலைமை மாறியது. மருந்தில்லாமல் நாடு தவித்தபோது, காலிமுகத்திடலில் இளையோர் கூடியிருந்தபோது, எங்களுக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பொதி வந்தது. நீங்கள் அனுப்பியதுதான். பிரஷர் குளிசை ஆறு மாதத்துக்கு! எங்களுள் ஒருத்தியின் வீட்டுக்கு உடுப்புத் தோய்க்க வரும் அம்மாவுக்கும் அதே நோய், அதே குளிசை. அவர் மூன்று பாமசிகளுக்கு நடந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தார். நாங்கள் அலுமாரியைப் பூட்டி வைத்திருந்தோம். பத்து நாளைக்குப் பிறகுதான் ஓர் அட்டை கொடுத்தோம். அந்தப் பத்து நாளைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினோம்.

இனிமேல் வரும் பொதியில் பாதி, வெளிநாட்டில் ஒருவரும் இல்லாதவர்களுக்கு என்று முடிவெடுத்திருக்கிறோம். பட்டியல் எழுத உட்கார்ந்தால் யார் பெயர் முதலில் என்று ஒவ்வொரு மாதமும் சண்டைதான். போன ஞாயிறும் நடந்தது.