தூரம் போன தோழி



1964 ஒப்பந்தத்தால் நமது லயங்களில் பல காம்பராக்கள் காலியாகின. எங்கள் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த தோழியும் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போனார். 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. கடிதம் மட்டும் நிற்கவில்லை.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுவோம். "மாடு கன்னு போட்டிருச்சுன்னு எழுது. பீலிக்கரைக்குப் போனா ஒன் நெனப்புதான்னு எழுது" என்பார்.

ஒருமுறை, "நாளைக்கு எழுதுறோம்மா" என்று தள்ளிப்போட்டோம். இரண்டு மாதம் ஓடிவிட்டது. பிறகு வந்தது தோழியின் மரணச் செய்திதான். அம்மா எங்களை ஏசவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

இன்று வீட்டுக்கு வீடு போன் இருக்கிறது. தூரத்துத் தோழியோடு பேச வேண்டுமென்று அம்மா கேட்டால், பிள்ளைகளே, இன்றைக்கே நம்பரைப் போட்டுக் கொடுங்கள்.