பால்மரம் சீவிய கைகள்



1894-இல் மலேசியாவின் இதே ரவாங்கில்தான், ஈயச் சுரங்கத்துக்காகச் சுரங்க முதலாளிகள் லோக் யூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும் மின்சார இயந்திரத்தை ஓட்டினார்கள். நம் தலைக்குள்ளும் மின்சாரம் ஓடுகிறது. ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள், மெல்லிய மின்துடிப்பால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சேர்ந்து துடிக்கத் துடிக்க அவற்றின் பிணைப்பு வலுக்கிறது. நம் நினைவுகள் குடியிருப்பது அந்தப் பிணைப்புகளில்தான்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நினைவு தடுமாறும் ரப்பர் தோட்டத்துப் பாட்டி ஒருவர் இருப்பார். “பசியாறியாச்சா?” என்று கேட்டால் விழிப்பார். பேரன் பெயர் வாயில் வராது. ஆனால் காலைப் பிரட்டில், அதாவது வருகைப் பதிவில், பேர் கூப்பிட்ட கிராணி (எழுத்தர்) யார், எந்த நிரையில் பால் அதிகம் என்று கேளுங்கள், கடகடவென்று சொல்வார். “வேணும்னே செய்யுது கிழவி” என்று சில வீடுகளில் கடிந்துகொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள். அது நோய்.

காதுகளுக்கு நேர் உள்ளே, இருபுறமும் வளைந்து கிடக்கிறது ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி. புதிதாக நடப்பதை முதலில் பிடித்துக்கொள்வது அதுதான். பிறகு, முக்கியமாக நாம் தூங்கும்போது, அந்த நினைவை மூளையின் மேற்புறணியில் அது மெல்ல மெல்ல ஊன்றுகிறது. அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும்தான் முதலில் அரிக்கிறது. அதனால் இன்று காலை நடந்தது நிற்பதில்லை. என்றோ ஊன்றியது வெகுநாள் தாங்குகிறது.

இதற்கு ஒரு சான்று உண்டு. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வலிப்பு நோய் தீர, இருபக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-இல் இறக்கும்வரை, சற்று முன் சந்தித்தவரைக்கூட அவர் புதியவராகவே பார்த்தார். பிரெண்டா மில்னர் என்ற அறிஞர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். முன்பு வரைந்ததே மொலைசனுக்கு நினைவில்லை. கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது! கைத்தொழிலைக் கற்கும் வேலையைச் சிறுமூளை போன்ற வேறு பகுதிகள் பார்த்துக்கொள்கின்றன.

அதனால்தான் பெயர்கள் மறந்த பிறகும், பால்மரம் சீவிய கைக்கு உளியின் சாய்வு தெரிகிறது. கட்டையில் காயம் படாமல் எவ்வளவு ஆழம் பட்டையைச் சீவலாம் என்பதும் தெரிகிறது.

பெரியவர்களிடம் நேற்றைய கதையைக் கேட்டுச் சோதிக்காதீர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் கதையைக் கேளுங்கள், கைப்பேசியில் பதிந்து வையுங்கள். 1943-ஐ ஒட்டி, ஜப்பானியர் ஆட்சியில், தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களை வழியனுப்பிய பிள்ளைகள் இன்று தொண்ணூறை ஒட்டியவர்கள். உங்கள் லயத்திலிருந்து யார் போனார்கள், யார் திரும்பவே இல்லை என்பதை இந்த வாரமே அவர்கள் அருகில் உட்கார்ந்து கேளுங்கள்.