உள்ளதை உள்ளவாறு தீட்டியவர்

  

ஜெர்மானிய உருவப்பட ஓவியர் வில்ஹெல்ம் லைபிள் 1844இல் கொலோன் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகரப் பேராலயத்தின் இசைக்குழுத் தலைவர். மியூனிக் நகரில் ஓவியம் பயின்ற லைபிளின் உருவப்படம் ஒன்றை, அங்கு 1869இல் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியில் கண்டு பிரெஞ்சு ஓவியர் கூர்பே வியந்து பாராட்டினார். அதன்பின் பாரிஸ் சென்ற லைபிளை 1870ஆம் ஆண்டுப் போர் தாயகத்துக்குத் திருப்பியது.

1873இல் அவர் மியூனிக்கைத் துறந்து பவேரியச் சிற்றூர்களில் குடியேறினார். உழவர்களும் அவர்தம் பெண்டிருமே அவருடைய தூரிகைக்கு உரியோராயினர். மனிதனை உள்ளவாறு தீட்டினால் ஆன்மா தானே அதில் உடனிருக்கும் என்பது அவர் கொள்கை.

பெர்ப்ளிங் என்னும் ஊர்த் தேவாலயத்தில் மூன்று பெண்கள் வழிபடும் காட்சியை 1878 முதல் 1882 வரை தீட்டினார். மூதாட்டியின் சுருங்கிய கைகளுக்கும், இளம்பெண்ணின் ஆடை மடிப்புக்கும், இருக்கையின் மரச்செதுக்குக்கும் அவர் ஒரே மதிப்பளித்தார். உருவாகி வந்த அப்படத்தைக் காண வந்த உழவர்கள் தம்மையறியாமல் கைகூப்பினர் என்று தாய்க்கு மடல் எழுதினார். இன்று அது ஹாம்பர்க் கலைக்கூடத்தில் உள்ளது.

அடுத்து, களவு வேட்டைக்காரர்களைப் பேரோவியமாகத் தீட்ட நான்காண்டுகள் உழைத்தார். அது நிறைவளிக்காமற் போகவே, தம் கையாலேயே அதனைத் துண்டுகளாக வெட்டினார். எஞ்சிய துண்டுகள் இன்று தனி ஓவியங்களாகப் போற்றப்படுகின்றன.

1900இல் லைபிள் மறைந்தார். ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பதும், பொருந்தாத நல்ல வரியை நீக்குவதும் கவிஞர்க்கும் கடனே. அவ்விரண்டின் அருமையையும் அவர் வாழ்வு காட்டுகிறது.