ஜீவகாருண்யமும் நமது மாட்டுப்பட்டியும்

(நல்லதண்ணியில், வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குதிரையை அறுத்துத் தின்பார்கள் என்றால் உங்களிற் பலர் முகம் சுளிப்பீர்கள். நமக்குக் குதிரை என்பது ஐயனாரின் வாகனம். துரை ஏறி மலை பார்க்க வந்த மிருகம். அதன் பின்னால் ஓடிய குதிரைக்காரர் நம்மவர். பிரான்சிலும் இத்தாலியிலுமோ அது கடையில் விற்கும் இறைச்சி. 2013ஆம் ஆண்டில், மாட்டிறைச்சி என்று விற்ற பண்டங்களில் குதிரை இறைச்சி கலந்திருந்தது அயர்லாந்திலே வெளியாகி, ஐரோப்பா முழுவதும் அமளிப்பட்டது.

அமெரிக்காவில் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஜீவகாருண்யமுள்ளவர்கள் பல்லாண்டு போராடியதன் பயனாக, அங்கே எஞ்சியிருந்த மூன்று குதிரைக் கசாப்புச் சாலைகளும் 2007இல் மூடப்பட்டன. டெக்ஸாஸில் இரண்டு, இல்லினாயில் ஒன்று. குதிரை பிழைத்ததா? இல்லை. 2010இல் மட்டும் ஏறக்குறைய 1,38,000 குதிரைகள் கனடாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் அனுப்பப்பட்டன என்று அந்நாட்டு அரசாங்கக் கணக்காய்வு அலுவலகமே 2011இல் எழுதியது. உள்ளூரிலே செத்திருக்க வேண்டியது, லொறியில் நின்றபடியே எல்லை கடந்து போய்ச் செத்தது. கதவை அடைத்தார்களே தவிர, கிழக் குதிரைக்குப் புல் போடுவது யார் என்று கேட்டார்களில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். மாடறுப்பை ஒழுங்கு செய்யும் சட்டம் 1893இலேயே வந்துவிட்டது. 1907இல் வந்தது மிருகவதைத் தடைச் சட்டம். அதில் எழுதிய அபராதம் மிஞ்சினால் 100 ரூபாய். அன்றைய தோட்டத் தொழிலாளிக்கு அது பல மாதச் சம்பளம். இன்றைக்கு அதைக் கொண்டு என்ன வாங்கலாம் என்பதைத் தாய்மார்களே சொல்லட்டும். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு மந்திரிசபை இணங்கியது. உழவுக்கு உதவாத கிழ மாடுகளுக்கு ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்பதும் அம்முடிவில் இருந்தது. முழுத் தீர்மானத்திலும் முக்கியமான வரி அதுதான் என்பேன்.

ஏனெனில், கத்தி பிடித்தவனை ஏசுவது எளிது. அவன் இன்ன மதத்தான், இன்ன ஊரான் என்று பேசுவது அதனினும் எளிது. கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தவர் யார்?

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்லுகிறேன். என் தாயார் ஒரு பசு வளர்த்தார். கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது தலையில் புல்லுக்கட்டோடுதான் வருவார். ஏழு கன்று ஈன்றது. என் பள்ளிக்கூடச் செலவெல்லாம் அதன் பால்தான். பால் வற்றிய பிறகு, இரண்டு மழைக்காலம் சும்மா வைத்துப் புல் போட்டோம். தம்பிக்குக் காய்ச்சல் கண்டு கையில் காசில்லாத ஒரு மாதத்தில் தரகர் வந்தார். எதற்கு வாங்குகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. லயத்துக் கோடியில் அது திரும்பிப் பார்த்தது. தாயார் உள்ளே போய்விட்டார். எங்களைக் கொடியவர்கள் என்று சொல்வீர்களா? வறுமைதான் விற்றது என்பேன். ஆனாலும் விற்ற கை எங்கள் கைதான்.

ஆதலால் இச்சங்கத்தின் முன் ஒரு யோசனை வைக்கிறேன். தேயிலை பிடுங்கிவிட்டுச் சும்மா கிடக்கும் துண்டு நிலம் ஒன்றைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்போம். அங்கே ஒரு பட்டி கட்டிப் புல் வளர்ப்போம். பால் வற்றிய பசுவைத் தரகர் கேட்கும் விலையிற் பாதியாவது கொடுத்து நாமே வாங்குவோம். சாணம் நம் மரக்கறித் தோட்டங்களுக்கு உதவும். முதலில் இரண்டு பசு போதும். நிர்வாகத்துக்கு விண்ணப்பம் எழுதி வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கையொப்பத்துக்காக வாசலில் நிற்பேன்.