நோயாளியின் பேச்சைக் கேட்கும் வைத்தியம்



அமெரிக்காவில் வயலிலும் ஆலையிலும் உழைக்கும் லத்தீன் அமெரிக்க மக்களைப் பற்றிச் சொல்கிறோம். ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள்.

துக்கச் செய்தி கேட்டால் அவர்களில் சிலருக்கு உடம்பு நடுங்கும், நெஞ்சிலிருந்து சூடு தலைக்கேறும், அலறி அழுவார்கள். 'அதாக்கே தே நேர்வியோஸ்', அதாவது நரம்புத் தாக்குதல் என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1950-களில் அமெரிக்கப் பட்டாள டாக்டர்கள் என்ன செய்தார்கள்? போர்ட்டோரிக்கோ சிப்பாய்களிடம் இதைக் கண்டு, 'போர்ட்டோரிக்கோ நோய்' என்று ஒரு தேசத்தின் மீதே முத்திரை குத்தினார்கள்! அந்தத் தீவை 1898-ல் பிடித்துக்கொண்டதும் இதே பட்டாளம்தான். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் மக்கள் வைத்த பெயர் ஏற 1994 ஆயிற்று.

டாக்டருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பெற்ற பிள்ளையை நடுவில் நிறுத்தினால் தாய் தன் மனக்குறையை எப்படிச் சொல்வாள்? கூலி, வாடகை, நாடு கடத்தப்படும் பயம், எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். மாத்திரை பிறகு.

கேட்காமல் இது கிடைக்குமா? நியூயார்க் லிங்கன் ஆஸ்பத்திரியில் 1969 மார்ச்சில் மனநலப் பகுதியின் கீழ்நிலை ஊழியர்கள் நிர்வாகத்தையே கையில் எடுத்தார்கள். 1970 ஜூலை 14-ல் 'யங் லார்ட்ஸ்' என்னும் போர்ட்டோரிக்கோ இளைஞர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிடத்துக்குள் புகுந்து அமர்ந்தார்கள். வீடு வீடாக வந்து பார்க்கும் வைத்தியம் கேட்டார்கள். நோயாளிகள் புகார் சொல்ல இரவும் பகலும் ஆள் இருக்கும் ஒரு மேஜையும் கேட்டார்கள்.