மின்கணக்கு எடுக்கும் நாள்



இன்று பட்டம் பெறும் அன்புப் பிள்ளைகளே, இன்னும் சில மாதங்களில் உங்களில் பலர் கைக்கு முதல் சம்பளம் வந்துவிடும். வாடகை இவ்வளவு, வீட்டுக்கு அனுப்புவது இவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பீர்கள். எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

தை மாதம் போட்ட கணக்கு ஆனிக்குப் பொருந்தாது. ஜூனில் பள்ளிக் கட்டணம், அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, ஆண்டுக்கு ஒருமுறை வண்டி இன்ஷூரன்ஸ், பிறகு தீபாவளி. எல்லாமே நாள் தெரிந்த செலவுகள். மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் அந்த நேரத்தில் யாரிடமும் கைமாற்று கேட்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு மின்கணக்கு எடுக்கிறார்கள். அந்த நாளிலேயே உங்கள் வரவு செலவையும் எடுத்துப் பாருங்கள். மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதலாக ஓடிய யூனிட்டோடு, கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டணம் ஏறிவிடும். 490-இல் நிற்பதா, 510-க்குப் போவதா என்பது விடியற்காலையில் ஏசியை எப்போது அணைக்கிறோம் என்பதில் இருக்கிறது. பில் வந்த பிறகு வருந்திப் பயனில்லை. அடுத்த இரண்டு மாதத்துக்குத் திட்டத்தை மாற்றலாம்.

பின்னாளில் வீட்டுக் கடன் வாங்கினால் இன்னும் கவனம் தேவை. மாறும் வட்டிக் கடனில் வட்டி ஏறும்போது பல சமயம் மாதத் தவணை அப்படியே இருக்கும். கட்டவேண்டிய மாதங்கள் நீண்டுவிடும். பிடிக்கிற தொகை மாறாததால் வீட்டில் யாருக்கும் உறைக்காது. இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள்.

கணக்கைத் தனியாகப் பார்க்காதீர்கள். எத்தனையோ வீடுகளில் அப்பாவின் சம்பளம் அம்மாவுக்குத் தெரியாது. அம்மா கட்டும் சீட்டு அப்பாவுக்குத் தெரியாது. இருவரும் உட்கார்ந்து பேசட்டும், பிள்ளைகளும் கேட்கட்டும். யார் அதிகம் செலவழித்தது என்று விசாரிக்கத் தொடங்கினால், அடுத்த முறை ஒருவரும் வந்து உட்கார மாட்டார்கள். என் அனுபவத்தில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் நின்றுபோவது இதனால்தான்.

கல்விக் கடனில் படித்த பிள்ளைகளே, படிப்பு முடிந்து பொதுவாக ஒரு வருடம் தவணை கேட்கமாட்டார்கள். வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வேலை கிடைத்ததும் வட்டியையாவது கட்டத் தொடங்குங்கள். இந்த வாரமே வங்கிக்குப் போய், இன்றைய தேதிக்கு நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அப்பாவையோ அம்மாவையோ உடன் அழைத்துப் போங்கள்.