ஜீப்புக்கு எஞ்சின் மாற்றலாமா?



நான் மேட்டுப்பாளையத்தில் ஜீப் பட்டறை நடத்துகிறவன். மேடைப் பேச்சு பழக்கமில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க, அது போதும்" என்றார் நமது சங்கச் செயலாளர். எனக்குத் தெரிந்தது ஜீப்தான். "அண்ணே, பழைய ஜீப் ஒண்ணு வாங்கிட்டேன். மேடு ஏறவே மாட்டேங்குது. பெரிய எஞ்சினா பார்த்துப் போட்டுரலாமா?" என்று கேட்டுக்கொண்டு இளைஞர்கள் பட்டறைக்கு வருகிறார்கள். அவர்களில் மெக்கானிக்கல் படித்தவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஜீப்பைச் செய்தவர்கள் இதே கேள்வியைச் சந்தித்தவர்கள்தான். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத்திறன். 1953ல் வந்த சி.ஜே.3பி மாடலில் அதே 2.2 லிட்டரை வைத்துக்கொண்டு, இன்லெட் வால்வை ஹெட்டுக்கு ஏற்றினார்கள். திறன் 75 ஆனது. எஞ்சின் உயரம் கூடியதால் பானெட்டையும் உயர்த்தினார்கள். மகிந்திரா நம் நாட்டில் தயாரித்த உயரமான மூக்கு ஜீப் அதுதான். பிறகு 1965ல் சி.ஜே.5 மாடலில் 160 குதிரைத்திறன் கொண்ட பியூக் வி6 வந்தது. 1972ல் நீளமான ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்த வேண்டி வந்தபோது வீல்பேஸையே 81 அங்குலத்திலிருந்து 84 ஆக்கினார்கள். முன் ஆக்சிலையும் பலமானதாக மாற்றினார்கள். தொழிற்சாலைக்கே இத்தனை வேலை இருந்தது. நாம் ஒரு வெல்டிங் செட்டை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கலாமா?

மாணவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். 60 குதிரைத்திறன் 75 ஆனது 25 சதவீத உயர்வு. ஆனால் முறுக்கு விசை 105 பவுண்டு-அடியிலிருந்து 114 ஆகத்தான் கூடியது. அதாவது சுமார் 9 சதவீதம். மேட்டில் மெதுவாக ஏறும்போது உதவுவது இந்த முறுக்கு விசைதான். அதைப் பெருக்கிக் கொடுப்பது கியர். சி.ஜே.3பியில் முதல் கியர் 2.8, டிரான்ஸ்பர் கேஸின் லோ 2.46, ஆக்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 37 மடங்கு!

இப்போது அழகுக்காக 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குலம் மாட்டுகிறோம் என்று வையுங்கள். அந்த 37 மடங்கு, 33 மடங்கு மாதிரி ஆகிவிடும். வில்லிஸ்காரர்கள் ஹெட்டை மாற்றிச் சம்பாதித்த 9 சதவீதத்தை டயர் ஒன்றே விழுங்கிவிட்டது. "இழுக்க மாட்டேங்குது" என்று வரும் வண்டிகளில் நான் முதலில் டயரைப் பார்ப்பது இதனால்தான். டயருக்கு ஏற்றபடி கிரவுன் பினியன் விகிதத்தை மாற்றினால் போன இழுவை திரும்பி வரும்.

அடுத்து எஞ்சினின் உடம்பைப் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் சோதனை, இன்ஜெக்டர், பம்ப் காலிப்ரேஷன், ஏர் பில்டர், வால்வ் இடைவெளி எல்லாவற்றையும் சரிசெய்தாலே பல பழைய டீசல் ஜீப்புகள் புது மனுஷனாக எழுந்து நிற்கும். ஒரு சக்கரம் காற்றில் சுற்றி வண்டி நின்றுபோனால், அங்கே குறை சக்தியில் இல்லை, பிடிப்பில். அதற்கு டிபரன்ஷியல் லாக்கர்தான் மருந்து.

மலைக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. டர்போ இல்லாத எஞ்சின் 1000 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் திறனை இழக்கிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். டர்போ அதை ஈடுகட்டும். ஆனால் பிஸ்டன் சூடு, ஹெட் கேஸ்கெட், ரேடியேட்டர், ஆயில் எல்லாம் அதைத் தாங்க வேண்டும். அளவான பூஸ்ட் போதும்.

எஞ்சின் மாற்றம் கடைசியில்தான் வருகிறது. பிளாக் வெடித்துவிட்டது, உதிரி பாகமே கிடைக்கவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் விரலுக்கேத்த வீக்கம் வேண்டும். முறுக்கு விசை இரட்டிப்பானால் கிளட்ச், கியர்பாக்ஸ், யூ.ஜே. கிராஸ், ஆக்சில் ஷாப்ட் ஒவ்வொன்றும் வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும். கனமான எஞ்சின் முன் ஸ்பிரிங்கை அமுக்கும், ஸ்டியரிங் கனக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பிரேக். ஏற்றத்தில் தோற்ற வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் தோற்ற வண்டி நிற்காது. பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எந்த எஞ்சின் போட்டோம் என்று தெரியாது. நம்மை நம்பித்தான் ஏறுகிறார்கள்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக, ஆர்.சி. புத்தக விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதனால் எஞ்சினை இறக்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்க் கேட்டுவிடுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணமும் சந்தேகம்தான்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, "எந்த எஞ்சின் போடலாம்?" என்று கேட்பதற்கு முன், "இந்த வண்டி எங்கே தோற்கிறது?" என்று கேளுங்கள். டயரிலா, கியரிலா, பிடிப்பிலா, காற்றிலா, எஞ்சினிலா? அளந்து பாருங்கள், பிறகு ஸ்பானரை எடுங்கள். மேட்டுப்பாளையம் பக்கம் வந்தால் பட்டறைக்கு வாருங்கள்; டீ உண்டு, பழைய கியர்பாக்ஸைப் பிரித்தும் காட்டுகிறேன்.